ஓராண்டு மேயர் தீரர் சத்தியமூர்த்தி

(மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு முன்னாள் மாணவர்)

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கேட்டது ஒரு பெரியவரின் வாழ்க்கைக் குறிப்பு. யாரைப் பற்றி என்பதை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். காந்தியடிகள், பாரதியார், காமராஜர் பற்றியெல்லாம் விழா மலர்களில் படித்துப் படித்து நமக்கு மனப்பாடம். தீரர் சத்தியமூர்த்தியை அப்படிச் சொல்ல முடியாது. சென்னையில் காங்கிரஸ் ஆபீசுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள், காமராஜருக்கு அவர் குரு, இந்த இரண்டோடு நம்மில் பலருக்குக் கதை முடிந்துவிடும்.

அவரை எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் படித்த காலத்தில் கடலூர் நகராட்சி. 1866-லிருந்து நகராட்சியாகவே இருந்த ஊர், 2021-ல் மாநகராட்சி ஆயிற்று. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்து, மார்ச்சில் முதல் மேயராக ஒரு பெண்மணி பதவியேற்றார். எங்க மேல்பட்டாம்பாக்கம் வெறும் பேரூராட்சிதான். மேயருக்கு ஓட்டுப் போடும் பாக்கியம் எங்களுக்கு இல்லை. யோசித்துப் பார்த்தால் கடலூர்க்காரர்களுக்கும் நேரடியாக இல்லை; அவர்கள் வார்டு கவுன்சிலருக்குப் போட்டார்கள், கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் காலேஜ், கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ், பெரியாஸ்பத்திரி எல்லாத்துக்கும் பாசஞ்சர் ஏறித் திருப்பாதிரிப்புலியூரில் போய் இறங்குகிறவர்கள் நாங்கள். அந்தத் தேர்தல் சமயத்தில் எங்க ஊர் டீக்கடையிலும் இதே பேச்சுதான். குடிதண்ணி, சாக்கடை, ரோடு, தெருவிளக்கு, கொசு. பட்டியல் வாசித்து முடித்ததும் யாராவது ஒருத்தர் கேட்பார், மேயர்னு ஒருத்தர் வந்து என்னதான் பண்ணிட முடியும்னு.

சத்தியமூர்த்தி 1939-ல் சென்னைக்கு மேயர் ஆனபோதும் இந்தக் கேள்வி இருந்திருக்கும். அவர் கையில் இருந்ததோ ஒரே வருஷம்.

சுருக்கமாக அவர் பூர்வோத்தரம். புதுக்கோட்டை சமஸ்தானத்துத் திருமயத்தில் 1887 ஆகஸ்ட் 19-ந் தேதி பிறந்தவர். மலைமேல் கோட்டையும் அடியில் இரண்டு குடைவரைக் கோயிலும் இருக்கிற ஊர் அது. காரைக்குடி போகிறவர்கள் பஸ் ஜன்னலிலேயே பார்த்திருப்பீர்கள். தகப்பனார் சுந்தர சாஸ்திரி வக்கீல். பையனுக்கு விவரம் தெரிகிற வயசிலேயே அவர் காலமாகிவிட்டார். குடும்ப பாரம் சின்ன வயசிலேயே தலைமேல் வந்தது. புதுக்கோட்டை மகாராஜா காலேஜில் படித்து, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி, அதன் பிறகு சட்டக் கல்லூரி. (கிறிஸ்தவக் கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, ஐகோர்ட்டுக்கு எதிரே இருந்தது.) எஸ். சீனிவாசய்யங்காரிடம் ஜூனியராகச் சேர்ந்து வக்கீல் தொழில் பழகினார். தொழிலை ஒழுங்காகப் பார்த்திருந்தால் மயிலாப்பூரில் பங்களா கட்டியிருக்கலாம். பார்க்கவில்லை. கடைசி வரை கையில் காசு தங்காத மனுஷர்.

அவருடைய சொத்து நாக்குதான். தமிழ், இங்கிலீஷ், சமஸ்கிருதம் மூன்றிலும் மணிக்கணக்கில் பேசக்கூடியவர். 1919-லேயே காங்கிரஸ் தூதுக்குழுவில் ஒருவராக லண்டன் போனார். காந்தியடிகள் சட்டசபையைப் புறக்கணிக்கச் சொன்ன காலத்தில், உள்ளே போய்த்தான் வெள்ளைக்காரனை மடக்கணும் என்று நினைத்த சுயராஜ்யக் கட்சிக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். 1923-ல் சென்னைச் சட்டசபைக்குப் போனார். 1934-ல் மத்திய சட்டசபைத் தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் சர் ஏ. ராமசாமி முதலியாரைத் தோற்கடித்தது அந்தக் காலத்தில் நாடே பேசிய வெற்றி. ஜஸ்டிஸ் கட்சியின் மூளை என்று பெயரெடுத்தவர் முதலியார். டில்லிக்குப் போன சத்தியமூர்த்தி அங்கே காங்கிரஸ் கட்சியின் துணைத்தலைவர். கேள்வி நேரத்தில் அவர் எழுந்தாலே சர்க்கார் அதிகாரிகளுக்கு வேர்த்துவிடுமாம்.

நாடகத்திலும் பைத்தியம் உண்டு. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் வேஷம் கட்டி நடித்தவர். நாடகக்காரர்கள் என்றால் கௌரவமானவர்கள் திண்ணையில்கூட உட்கார வைக்காத காலத்தில் அவர்களைக் காங்கிரஸ் மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தியதில் அவர் பங்கு பெரியது. இந்தக் கலைப்பிரியமே ஒரு விஷயத்தில் அவரைத் தப்பான பக்கம் நிற்க வைத்தது என்பது என் அபிப்பிராயம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டபோது அதை எதிர்த்தவர்களில் சத்தியமூர்த்தியும் ஒருவர். பெரிய மனுஷர் என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

1937-ல் காங்கிரஸ் மந்திரிசபை வந்தது. பல்கலைக்கழகத் தொகுதியை ராஜாஜிக்கு விட்டுக்கொடுத்து ஒதுங்கினார் சத்தியமூர்த்தி. மந்திரிசபையில் அவருக்கு இடம் இல்லை. இதைப் பற்றி இன்றைக்கும் விவாதம் செய்கிறவர்கள் உண்டு. நான் அதற்குள் போகவில்லை. தமிழ்நாட்டில் காங்கிரசை வளர்த்தவர்களில் முதல் வரிசையில் நின்றவர், அதிகாரம் வந்தபோது வெளியே நின்றார் என்பதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். 1939 அக்டோபர் கடைசியில், யுத்தத்தில் இந்தியாவைக் கேட்காமல் இழுத்துவிட்டதைக் கண்டித்து அந்த மந்திரிசபையும் ராஜினாமா செய்தது. மாகாணம் கவர்னர் ஆட்சிக்குப் போயிற்று. அதற்கு அடுத்த மாதம் சத்தியமூர்த்தி சென்னை மேயர்.

மேயர் என்ற பதவி அப்போது சென்னைக்குப் புதிது. கார்ப்பரேஷன் 1688-லிருந்து இருக்கிறது என்றாலும், மேயர் என்று ஒருவரை மறுபடி உட்கார வைத்தது 1933-ல்தான். முதலில் உட்கார்ந்தவர் ராஜா சர் முத்தையா செட்டியார், நம் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலை செட்டியாரின் மகன். கவுன்சிலர்கள் வருஷா வருஷம் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். சிவப்பு அங்கி உண்டு, கழுத்தில் சங்கிலி உண்டு, ரிப்பன் மாளிகையில் உயரமான நாற்காலி உண்டு. ஆபீசை நடத்துகிற அதிகாரம் மட்டும் கிடையாது. அது கமிஷனர் கையில். மேயர் சபையை நடத்தலாம், வரவேற்புப் பத்திரம் வாசிக்கலாம், திறப்புவிழாவில் ரிப்பன் வெட்டலாம். பத்துப் பன்னிரண்டு மாசத்தில் அடுத்தவர் வந்துவிடுவார். இந்தச் சட்டத்துக்குள் ஒருவர் பெரிய திட்டம் எதையாவது தொட்டால், அது முடிகிறபோது அவர் நாற்காலியில் இருக்க முடியாது என்பது நிச்சயம்.

அவர் பிடித்துக்கொண்டது குடிதண்ணீர்.

சென்னையின் தண்ணீர்க் கஷ்டம் அந்த ஊரைப் போலவே பழசு. சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு ஜீவநதி இல்லாத பட்டணம். கோட்டைக்காரர்கள் 1772-ல் ஏழு கிணறு வெட்டி இறைத்துக் குடித்தார்கள். அந்தத் தெருவுக்கு இன்றைக்கும் அதுதான் பெயர். நூறு வருஷம் கழித்து, 1872-ல் செங்குன்றம் ஏரித் தண்ணீரை ஊருக்குள் கொண்டுவந்தார்கள். அந்த ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து என்றால், கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கத்தில் ஒரு அணைக்கட்டு கட்டி, சோழவரம் ஏரிக்குத் திருப்பி, அங்கிருந்து செங்குன்றம். 1914-ல் கீழ்ப்பாக்கத்தில் மணல்வடிகட்டி நிலையம் வந்து, குழாயில் சுத்தமான தண்ணீர் வர ஆரம்பித்தது. 1911 கணக்குப்படி ஜனத்தொகை 5 லட்சத்துச் சொச்சம். 1941-ல் அதுவே 7 லட்சத்து 77 ஆயிரம். ஊர் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது, ஏரி அதே ஏரி. ஒரு வருஷம் ஐப்பசி, கார்த்திகை ஏமாற்றினால் சித்திரையில் ஜனங்கள் குழாயடியில் நிற்க வேண்டியதுதான்.

ஏமாற்றாத வருஷத்தில் என்ன ஆகும்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. கொசஸ்தலை ஆறு எங்க கெடிலம் மாதிரிதான். பத்து மாசம் மணல் தெரியும். அடைமழையில் இரண்டு கரையும் தொட்டுக்கொண்டு ஓடும். தாமரைப்பாக்கம் தடுப்பில் எவ்வளவு திருப்ப முடியுமோ அவ்வளவு திருப்புவார்கள். மிச்சமெல்லாம் எண்ணூரில் கடலுக்குப் போய்விடும். மூன்று வாரத்து வெள்ளத்தை மேலேயே ஓரிடத்தில் நிறுத்தி வைத்தால் கோடை முழுக்க ஊர் குடிக்கலாம். அப்படி நிறுத்துகிற இடம்தான் தாமரைப்பாக்கத்துக்கு மேற்கே, திருவள்ளூர் பக்கத்தில் பூண்டி.

இது சத்தியமூர்த்தியின் கண்டுபிடிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏரிக்கு இடம் பார்ப்பதும் மட்டம் எடுப்பதும் இன்ஜினீயர்கள் வேலை. அரசியல்வாதியின் வேலை, அந்த பைலை நகர்த்துவது. 1940-ல் அது லேசான காரியம் இல்லை. யுத்தம் நடக்கிறது. இரும்பு, சிமெண்டு, பணம் எது கேட்டாலும் முதலில் பட்டாளத்துக்கு. சட்டசபை இல்லை, மந்திரி இல்லை, கையெழுத்துப் போட வேண்டியது கவர்னர் சர் ஆர்தர் ஹோப். அந்த வருஷம் மார்ச்சில்தான் வந்தவர். மேயரோ, அந்த கவர்னரின் சர்க்காரை ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி ஜெயிலுக்குப் போய்வந்தவர். கட்சியோ யுத்தத்துக்கு ஒத்துழைப்பு இல்லை என்று சொல்லிவிட்ட கட்சி.

இந்த நிலையில் அவர் இரண்டில் ஒன்றைச் செய்திருக்கலாம். வெள்ளைக்காரன் தண்ணீர் தரமாட்டேன் என்கிறான் என்று கடற்கரையில் கூட்டம் போட்டுப் பேசியிருக்கலாம். அவர் பேச்சுக்குக் கூட்டம் அலைமோதும், கைதட்டலும் கிடைக்கும். அல்லது அங்கியை மாட்டிக்கொண்டு வருஷத்தை ஓட்டியிருக்கலாம். அவர் கவர்னர் சர்க்காரோடு உட்கார்ந்து பேசி அனுமதி வாங்கினார். 1940-லேயே, தம் வருஷம் முடிவதற்குள், பூண்டியில் அஸ்திவாரக் கல். அதை நாட்டியவரும் அதே கவர்னர்தான். காங்கிரஸ் மேயர் பக்கத்தில் நின்றார். செலவு சுமார் 65 லட்சம் ரூபாய். அந்தக் காலத்து 65 லட்சம்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது ஏரியைவிட அந்த நிதானம். நாக்கையே ஆயுதமாக வைத்துப் பிழைத்த ஒருவர், வாழ்க்கையில் உருப்படியாகக் கட்டிய ஒன்றைப் பேசாமல் கட்டியிருக்கிறார். எதிராளி என்று தெரிந்தும் அவனிடம் போய், ஊருக்கு வேண்டியதைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். சொந்தக் கட்சிக்காரனே நாலு விதமாகப் பேசுவான். நம் ஊர்களில் எதிர்க்கட்சிக் கவுன்சிலர் வார்டு என்பதற்காகவே ஒரு தெருவில் குழாய் போடாமல் விடுவதையும், ஆளுங்கட்சி கொடுப்பதால் வேண்டாம் என்பதையும் பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் அதிசயம்தான்.

அப்புறம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மேயர் வருஷம் முடிந்தது. தனிநபர் சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போனார். வெளியே வந்தார். 1942 ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு தீர்மானம்; மறுபடி கைது. இந்த முறை தமிழ்நாட்டுச் சிறை இல்லை, எங்கோ மத்திய மாகாணத்தில் அமராவதி. ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர். அந்த நெடும் பயணத்திலும் சிறையிலும் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு எழுந்து நடக்க முடியாமல் போனது. சென்னைக்குக் கொண்டுவந்து ஜெனரல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 1943 மார்ச் 28-ந் தேதி அங்கேயே கண்ணை மூடினார். வயது 55. ஒரே மகள் லட்சுமி. சிறையிலிருந்து மகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் புத்தகமாக வந்தன. அரசியல் பேச்சாளரைத் தெரிந்தவர்கள் அதில் ஒரு தகப்பனைப் பார்க்கலாம்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பூண்டியில் கரை எழும்பிக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையே காலியாகி, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு நம் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் ஓடிவந்தார்களே, அப்போதும் இந்த வேலை திட்டத்திலிருந்து போய்விடவில்லை. 1944-ல் ஏரி முடிந்தது. கல் நாட்டியபோது கூட நின்ற மேயர் அதில் தண்ணீர் நின்று பார்க்கவில்லை. பிற்பாடு ஏரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள், சத்தியமூர்த்தி சாகர் என்று. பேப்பரில் ஏரி நிலவரம் போடுகிறபோது பூண்டி என்றுதான் போடுகிறார்கள். முழுக்கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. 1996-ல் ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா தண்ணீர் முதன்முதலாக வந்து சேர்ந்ததும் இந்த ஏரிக்குத்தான். 1940-ல் ஏழெட்டு லட்சம் பேருக்காக நினைத்த ஏரி, கோடிப்பேர் ஊருக்கு வாசல்படியாக இருக்கிறது.

ஒரு ஏரி வெட்டினால் யாருக்கோ ஒரு நஷ்டம் இருக்கத்தான் செய்யும். பூண்டியில் முழுகியது திருவெண்பாக்கம். தேவாரப் பாடல் பெற்ற தலம். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்டுக் கண் இழந்த சுந்தரர், தட்டுத் தடுமாறி வந்து சுவாமியிடம் ஊன்றுகோல் வாங்கிய இடம். அந்தச் சுந்தரர் யார்? நம் பண்ருட்டிக்குப் பக்கத்துத் திருநாவலூரில் பிறந்தவர். கோயிலைப் பிரித்துக் கொண்டுவந்து மேட்டில் மறுபடி கட்டினார்கள். ஊன்றீஸ்வரர் இன்றைக்கும் பூண்டியில் இருக்கிறார். சுவாமிக்கு மாற்று இடம் கிடைத்தது. நிலத்தையும் வீட்டையும் தண்ணீருக்கு விட்டுவிட்டுப் போன குடியானவர்களுக்குக் கல்வெட்டு எதுவும் இல்லை.

இதைச் சொல்லக் காரணம், அதே பட்டணத்தின் தாகம் பிற்பாடு நம் ஜில்லாவுக்கும் வந்து சேர்ந்தது. நாம் படித்த நாட்களில் பண்ருட்டி, வடலூர் ரோட்டோரமெல்லாம் ஆள் நிமிர்ந்து நிற்கிற உயரத்துக்குச் சிமெண்டுக் குழாய்கள் உருண்டு கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வீராணம் குழாய்! சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோகப் போட்ட திட்டம் பாதியில் நின்று, குழாய் மட்டும் ரோட்டில் தங்கிவிட்டது. வீடில்லாதவர்கள் இரண்டு பக்கமும் சாக்குப் படுதா தொங்கவிட்டு அதிலேயே அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தினார்கள். அது பூண்டிக்கு நேர் எதிர்க் கதை. அங்கே யுத்தத்தின் நடுவில், நாலே வருஷத்தில் ஏரி. இங்கே சமாதான காலத்தில் வருஷக்கணக்கில் குழாய்.

கடைசியில் 2004-ல்தான் புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது. பராந்தகச் சோழன் காலத்து ஏரித் தண்ணீர் சேத்தியாத்தோப்பு வழியாகப் பண்ருட்டிப் பக்கம் கடாம்புலியூர் மேட்டுக்கு ஏறி, அங்கிருந்து தானாகவே இறங்கிச் சென்னை போரூர் வரைக்கும் போகிறது. மொத்தம் 230 கிலோமீட்டருக்கு மேல். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது கணக்கு. காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து நண்பர்களுக்குத் தெரியும், ஏரியில் தண்ணீர் குறைகிற வருஷத்தில் நடவுக்கா பட்டணத்துக்கா என்று எப்படிப் பேச்சு வளரும் என்று. சென்னை மேயர் தேர்தலில் நிற்கிறவர் எவர் தண்ணீர் தருகிறேன் என்று நோட்டீஸ் அடித்தாலும் அதில் ஒரு பங்கு நம் வடவாற்றுத் தண்ணீர்.

பூண்டிக்குப் போக விரும்புகிறவர்கள் சென்னையிலிருந்து திருவள்ளூர் வரை மின்சார ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்கலாம். கார்த்திகை கடைசியில் போனால் ஏரி நிறைந்திருக்கும், மதகு திறந்து விட்டிருந்தால் பார்க்க ஒரு கூட்டமே நிற்கும். ஊன்றீஸ்வரர் கோயில் கரைக்குப் பக்கத்திலேயே. உச்சிக்காலம் முடிந்ததும் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுவது நல்லது.